ஃபிலிம் கேமராவிலிருந்து டிஜிட்டலுக்கு: எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே விடலாம்

ஃபிலிமில் படம் எடுத்துப் பழகிய கைக்கு டிஜிட்டல் கேமரா அப்படியொன்றும் அந்நியப் பொருள் இல்லை. அப்பர்ச்சர் அதே அப்பர்ச்சர்தான், ஷட்டர் ஸ்பீடும் அதேதான். நல்ல வெயிலில் 100 ஃபிலிமுக்கு எஃப் 16, 1/125 என்று வைத்துக்கொண்டு எடுத்த பழைய கணக்கு இன்றைக்கும் பொய்க்காது. மெனுவைத் திறந்தால் நூறு வரி வந்து நிற்கும். மிரள வேண்டாம், அதில் பத்து வரி தெரிந்தால் போதும்.

உண்மையில் மாறுவது இரண்டு விஷயம். நெகட்டிவ் ஃபிலிம், வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. டிஜிட்டலில் இது தலைகீழ். இரண்டாவது, பீரோவில் போட்ட நெகட்டிவ் பாட்டுக்குக் கிடக்கும். ஃபைலை நாம்தான் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் நிதானமாகச் சொல்கிறேன், மற்றதையெல்லாம் சற்று வேகமாகக் கடந்துவிடலாம்.

நிக்கான் எஃப்எம்10, பென்டாக்ஸ் கே1000, கேனன் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700 மாதிரி ஒரு 35 மி.மீ. எஸ்எல்ஆரும் இரண்டு மூன்று லென்ஸும் வைத்திருப்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அப்பாவின் கேமரா இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது என்பவருக்கும் இது பொருந்தும்.

கடைக்குப் போகும் முன் லென்ஸைப் பாருங்கள்

எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கலாம் என்ற கேள்விக்குப் பதில் உங்கள் பையிலேயே இருக்கிறது. நல்ல 50 மி.மீ. லென்ஸ் ஒன்று இருந்தால் அதை உபயோகிக்க விடும் பாடியைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். கடைக்காரர் புது லென்ஸோடு சேர்த்து விற்கத்தான் பார்ப்பார், அது அவர் தொழில்.

நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம் பாதி. அதன் எஃப் மவுன்ட் (லென்ஸைப் பாடியோடு இணைக்கும் வளையம்) 1959இல் வந்தது, எஸ்எல்ஆரின் டிஜிட்டல் வடிவமான டிஎஸ்எல்ஆர் கடைசி வரை அதே மவுன்ட்தான். ஆனால் மாட்டினால் மாட்டும் என்பதற்கும் மீட்டர் வேலை செய்யும் என்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. 1977க்குப் பிறகு வந்த ஏஐ, ஏஐ-எஸ் லென்ஸ்களை டி7000, டி7100, டி7200, டி610, டி700, டி750 போன்ற பாடிகளில் மாட்டி, மெனுவில் லென்ஸின் ஃபோகல் லெங்த்தையும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் பதிந்துவிட்டால் மீட்டர் ஒழுங்காக ஓடும். டி3000, டி5000 வரிசையில் அதே லென்ஸ் மாட்டும், மீட்டர் மட்டும் செத்துவிடும். டி7500 புதியது, விலையும் கூட, ஆனாலும் பழைய லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தைப் படிக்கும் அந்தச் சின்ன நெம்புகோலை அதில் எடுத்துவிட்டார்கள். பழைய லென்ஸ் வைத்திருப்பவருக்கு டி7200தான் மேல். 1977க்கு முந்திய, மாற்றி அமைக்கப்படாத லென்ஸ் என்றால் அந்த நெம்புகோல் இருக்கும் பாடியில் சும்மா திருகிப் பார்க்காதீர்கள், அது உடைந்துபோகலாம். இன்னொரு விஷயம்: ஃபிலிம் கால ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. அதனால் மோட்டார் இல்லாத டி3000, டி5000 வரிசையில் அவை ஆட்டோஃபோகஸ் ஆகாது.

பென்டாக்ஸ்காரர்களுக்கு அதிர்ஷ்டம் முழுதாக இருக்கிறது. கே மவுன்ட் 1975இல் வந்தது. அந்த லென்ஸ் இன்றைய பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆரிலும் மாட்டும். மெனுவில் அப்பர்ச்சர் வளையத்தை அனுமதிக்கும் வரியை ஆன் செய்து, மோடை எம்மில் (மேனுவல்) வைத்து, பச்சைப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் கேமராவே அளந்து ஷட்டர் ஸ்பீடை வைத்துவிடும். பெரும்பாலான பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆர்களில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி பாடிக்குள்ளேயே இருப்பதால், நாற்பது வருடப் பழைய லென்ஸுக்கும் அது கிடைக்கும். ஊரில் பென்டாக்ஸ் சர்வீஸ் எளிதில் கிடைக்காது என்பது ஒன்றுதான் குறை.

கேனனில் 1987 ஒரு கோடு. அதற்குப் பிறகு வந்த இஓஎஸ் ஃபிலிம் கேமராவின் இஎஃப் லென்ஸ் எல்லா இஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலும் ஒழுங்காக ஓடும். ஏஇ-1 காலத்து எஃப்டி லென்ஸ் ஓடாது. காரணம் எளிது: எஃப்டி லென்ஸ் தன் பிம்பத்தை மவுன்டிலிருந்து 42 மி.மீ. தள்ளி விழவைக்கும், இஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலோ சென்சார் 44 மி.மீ. தள்ளி இருக்கிறது. அந்த 2 மி.மீ. வித்தியாசத்தில் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது. நடுவில் லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் (இடையில் மாட்டும் வளையம்) விற்பார்கள், படம் மங்கும், வாங்காதீர்கள்.

எஃப்டி, மினோல்டா எம்டி, யாஷிகா, எம்42 திருகு லென்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வழி மிரர்லெஸ். ஃபைண்டருக்குப் பிம்பத்தைத் திருப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி (மிரர்) உள்ளே இல்லாததால் சென்சார் மவுன்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது: சோனி இ மவுன்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ. மிச்ச தூரத்தை வெறும் உலோகக் குழாய் அடாப்டர் நிரப்பிவிடும், அதில் லென்ஸ் கண்ணாடியே தேவையில்லை. அடாப்டர் போட்டதும் ஷட்டர் அமுங்க மறுத்தால் பதறாதீர்கள். லென்ஸ் இல்லாமல் ஷட்டரை அனுமதிக்கும் ஒரு வரி மெனுவில் இருக்கும், அதை ஆன் செய்தால் சரியாகிவிடும்.

கையால் ஃபோகஸ் செய்வதில் மிரர்லெஸ் தனி சுகம். பழைய எஸ்எல்ஆர் ஃபைண்டரில் நடுவில் பிளந்து தெரியும் வட்டம் டிஎஸ்எல்ஆரில் இல்லை, ஃபைண்டரும் சின்னது. மூலையில் எரியும் பச்சைப் புள்ளியை நம்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மிரர்லெஸ்ஸில் ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணிமை மயிர் வரை பெரிதாக்கிக் காட்டும்.

உங்கள் 28 இனி 28 இல்லை

ஃபிலிம் கட்டம் 36க்கு 24 மி.மீ. விலை குறைந்த டிஜிட்டல் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், ஏறத்தாழ 23.6க்கு 15.6. லென்ஸ் காட்டும் காட்சியில் நடுப்பகுதி மட்டும்தான் பதிவாகும். நிக்கான், சோனி, பென்டாக்ஸ் என்றால் 1.5ஆல் பெருக்குங்கள், கேனனுக்கு 1.6. உங்கள் 50 இப்போது 75 மாதிரி நடந்துகொள்ளும்; ஆளைப் படம் எடுக்க அருமை, சின்ன அறைக்குள் குடும்பத்தை அடக்க ஆகாது. 135 என்பது 200 ஆகிவிடும், அது லாபம். நஷ்டம் அகல லென்ஸில்தான்: 28 மி.மீ. 42 ஆகி, ஒரு சாதாரண லென்ஸாகிவிடும்.

அதனால் பாடியோடு வரும் 18-55 கிட் லென்ஸைக் கேவலமாக நினைக்காதீர்கள். அதன் 18 மி.மீ. முனைதான் உங்கள் பழைய 28க்கு மாற்று. கிட் லென்ஸ் அகலத்துக்கு, பழைய 50 முகங்களுக்கு. முதல் வருடத்துக்கு இது தாராளம். முழு ஃபிரேம் பாடி வாங்கினால் இந்தக் கணக்கே வேண்டாம், ஆனால் பணம் கூடும், எடையும் கூடும்.

மெகாபிக்சல் பேச்சில் மயங்க வேண்டியதில்லை. 1975இல் கோடக்கில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1999இல் வந்து பத்திரிகைப் புகைப்படக்காரர்களை மாறவைத்த நிக்கான் டி1 கூட 2.7 மெகாபிக்சல்தான். 4க்கு 6 அங்குலப் பிரிண்டை அங்குலத்துக்கு 300 புள்ளியில் போட 1200க்கு 1800, அதாவது சுமார் 2 மெகாபிக்சல் போதும். 8க்கு 12 அங்குலத்துக்கு சுமார் 9. பழைய மார்க்கெட்டில் இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 16, 24 மெகாபிக்சல் பாடிகள் கல்யாண ஆல்பத்துக்கே போதும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது

என் அபிப்பிராயம், முதல் டிஜிட்டல் பாடியைப் புதிதாக வாங்க வேண்டாம். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்த பிறகு செலவு செய்யலாம். பழையது பார்க்கப் போகும்போது உங்கள் லென்ஸையும் ஒரு மெமரி கார்டையும் கூடவே எடுத்துப் போங்கள்.

லென்ஸை மாட்டி, எஃப் 16 வைத்து, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் மங்கலாகத் தெரிந்தால் அது சென்சார் மேல் தூசி. சுத்தம் செய்துவிடலாம், விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். நூல் மாதிரி கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். மூடியைப் போட்டபடி ஐஎஸ்ஓ (ஃபிலிம் வேகம் மாதிரியான எண்) 1600இல் ஒரு படம் எடுத்தால் பழுதான பிக்சல்கள் வண்ணப் புள்ளிகளாகத் தெரியும். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. நிக்கானில் படத்தின் ஃபைலுக்குள்ளேயே ஷட்டர் எண்ணிக்கை பதிந்திருக்கும், கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். தொடக்கநிலை பாடிகளின் ஷட்டரைச் சுமார் 1 லட்சம் முறைக்குச் சோதித்திருப்பார்கள். 90 ஆயிரம் ஓடிய பாடியைப் புது விலைக்குப் பக்கத்தில் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ரொம்பப் பழைய பாடி என்றால் கார்டைக் கேளுங்கள். ஆரம்ப கால எஸ்.டி கார்டு 2 ஜிபியோடு நின்றது, அதற்குப் பிறகு வந்த எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை, அதற்கு மேலே எஸ்டிஎக்ஸ்சி. பழைய கேமரா புதிய வகைக் கார்டைப் படிக்காது. அகலமான சிஎஃப் கார்டு போடும் கேமரா என்றால் டார்ச் அடித்து உள்ளே ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

முதலில் தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பத்து வருடம் கழித்து ஒரு படத்தைத் தேடுவது முழுக்க அந்தத் தேதியை வைத்துத்தான். ஃபைல் வகையில் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்து வையுங்கள். ரா என்பது நெகட்டிவ், ஜேபெக் என்பது லேப்காரர் போட்டுக் கொடுத்த பிரிண்ட். பிரிண்டை வைத்துக்கொண்டு பெரிதாகத் திருத்த முடியாது. நெகட்டிவ் இருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். எண்ணிக்கையில் சொன்னால் ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384.

கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம். திரையின் வெளிச்சத்தை ஆட்டோவில் விடாமல் நடுவில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இருட்டில் எல்லாப் படமும் பிரமாதமாகத் தெரியும். பிறகு, படம் பார்க்கும் மெனுவில் ‘ஹைலைட்’, ‘ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம்’ இரண்டையும் டிக் செய்யுங்கள். கேனனில் முதலாவதற்கு ‘ஹைலைட் அலர்ட்’ என்று பெயர். அடுத்த பகுதி முழுக்க இந்த இரண்டைப் பற்றித்தான்.

வெள்ளை வேஷ்டியும் சிவப்புப் பட்டும்

நெகட்டிவ் ஃபிலிம் போட்டவர்கள் நிறைய பேர் 400 ஃபிலிமை 200 என்று வைத்து ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, தாராளமாகவே வெளிச்சம் கொடுப்பார்கள். நிழலில் விவரம் வந்துவிட்டால் போதும், வெள்ளையை லேப்காரர் பார்த்துக்கொள்வார். நெகட்டிவ் இரண்டு மூன்று ஸ்டாப் கூடுதலைக்கூடத் தாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தோடு டிஜிட்டல் கேமராவை எடுத்தால் முதல் கல்யாணத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

காலை பத்து மணி, மண்டபத்து வாசலில் பாதி வெயில், பாதிப் பந்தல் நிழல். மாப்பிள்ளை வெள்ளை வேஷ்டி, பெண் அரக்குச் சிவப்புப் பட்டு, இரண்டு பேர் முகமும் நிழலில். முகத்துக்கு அளந்து, ஃபிலிம் நினைப்பில் இன்னும் ஒரு ஸ்டாப் கூட்டி எடுக்கிறீர்கள். திரையில் வேஷ்டி முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டுகிறது. சிமிட்டும் இடத்தில் ஜேபெக்கில் விவரம் எதுவுமே பதிவாகவில்லை என்று அர்த்தம். மடிப்பும் இல்லை, கரை ஓரத்து நிழலும் இல்லை, வெறும் 255. சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஓர் அளவுக்கு மேல் ஒளியைப் பிடித்து வைக்காது. நிரம்பியதும் மிச்சம் கணக்கிலேயே வராது. எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா அளந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 2/3க்குக் கொண்டுபோய் மறுபடி எடுங்கள். சிமிட்டல் குறையும். இன்னும் இருந்தால் மைனஸ் 1. வேஷ்டி அடங்கியதும் நிறுத்துங்கள். குத்துவிளக்கின் பளபளப்பிலும் நெற்றிச்சுட்டியின் கல்லிலும் மட்டும் சிமிட்டினால் விட்டுவிடுங்கள், அங்கே விவரம் யாரும் தேடப்போவதில்லை. இப்போது முகம் கொஞ்சம் இருட்டாகத் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஐஎஸ்ஓ 100, 200இல் எடுத்த ராவில் நிழலை இரண்டு ஸ்டாப் தூக்கினாலும் பெரிய சேதம் இல்லை. ஐஎஸ்ஓ 3200 என்றால் அவ்வளவு தாராளம் கிடையாது.

சரி, சிமிட்டல் நின்றுவிட்டது, பட்டுப்புடவை மட்டும் ஏதோ பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதே? அங்கேதான் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம். ஹிஸ்டோகிராம் என்பது இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று எது எவ்வளவு இருக்கிறது எனக் காட்டும் வரைபடம். பொதுவான ஹிஸ்டோகிராம் மூன்று வண்ணத்தையும் கலந்து காட்டும். அதில் எல்லாம் சரியாகவே இருக்கும். வண்ணத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் பார்த்தால் சிவப்பு மட்டும் வலது சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நெசவும் மடிப்பும் அந்தச் சிவப்பில்தான் இருந்தன, அது போய்விட்டால் துணி தட்டையாகிவிடும். அரக்குப் பட்டு, செவ்வந்தி மாலை, மேடையின் சிவப்பு எல்இடி விளக்கு இவை மூன்றும் இப்படி ஏமாற்றுவதில் பேர்போனவை. சிவப்புக் கோடு சுவரை விட்டு விலகும் வரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு ஃபிலிம் போட்டவர்களுக்கு இந்தப் பாடம் தேவையே இல்லை. அரை ஸ்டாப் குறைத்து எடுக்கும் அவர்கள் கை டிஜிட்டலுக்காகவே பழகிய மாதிரி இருக்கும்.

ஐஎஸ்ஓவும் வண்ணமும்

ஒரு ரோல் போட்டால் 36 படத்துக்கும் அதே வேகம் என்பது போய்விட்டது. படத்துக்குப் படம் ஐஎஸ்ஓவை மாற்றலாம். 400 ஃபிலிமின் மணல் மணலான தோற்றத்தை நினைத்துக்கொண்டு 400க்கு மேலே போகத் தயங்குகிறவர்களைப் பார்க்கிறேன். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வந்த பாடி எதுவானாலும் 1600 சகஜம். ஆடிப்போன படத்தை எவராலும் காப்பாற்ற முடியாது, புள்ளி விழுந்த படத்தைப் பாதியாவது காப்பாற்றலாம். ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடை 1/125, உச்ச வரம்பை 3200 என்று பதிந்துவிட்டால் கோயில் பிரகாரத்துக்குள்ளும் கவலை இல்லை.

வண்ணத்துக்கு ஒயிட் பேலன்ஸ். குண்டு பல்பில் மஞ்சளாகவும் ட்யூப் லைட்டில் பச்சையாகவும் வந்ததை முன்பெல்லாம் லேப்காரர் திருத்தித் தந்தார், நமக்குத் தெரியவே தெரியாது. இப்போது அந்த வேலை நம்முடையது. ரா எடுத்தால் வீட்டுக்கு வந்து திருத்திக்கொள்ளலாம் என்பதால் ஆட்டோவில் விட்டுவிடுங்கள். வெளியில் எடுக்கும்போது மட்டும் டேலைட்டில் நிலையாக வைத்துப் பாருங்கள்: ஃபிலிமில் வந்த மாலை வெயிலின் பொன் நிறம் அப்படியே வரும். ஆட்டோ அதைத் திருத்துகிறேன் பேர்வழி என்று வெளுக்கடித்துவிடும்.

கருப்பு-வெள்ளைப் பிரியர்களுக்கு ஒரு தந்திரம். பிக்சர் ஸ்டைலை மோனோக்ரோமில் வைத்து ரா, ஜேபெக் இரண்டையும் எடுங்கள். திரையில் கருப்பு-வெள்ளையாகப் பார்த்தே காட்சியை அமைக்கலாம், ராவில் வண்ணம் முழுதாக இருக்கும்.

பழைய ஃப்ளாஷ், பழைய ஃபில்டர்

ஃபிலிம் கால ஃப்ளாஷை நேராக டிஜிட்டல் பாடியின் தலையில் மாட்டாதீர்கள். பழைய சில ஃப்ளாஷ்களின் காலில் (பாடியில் செருகும் அடிப்பகுதியில்) 200 வோல்ட்டுக்கும் மேலே இருக்கும். அந்தக் கால கேமராவில் அதைத் தாங்கியது வெறும் உலோகத் தொடர்பு. இந்தக் கால கேமராவில் அங்கே இருப்பது நுண்ணிய எலக்ட்ரானிக்ஸ், கருகிவிடும். ஃப்ளாஷை முழுக்க சார்ஜ் ஏற்றி, மல்டிமீட்டரை டிசியில் வைத்து, ஒரு முனையைக் காலின் நடு ஊசியிலும் மறுமுனையைப் பக்கவாட்டு உலோகத்திலும் வைத்து அளக்கலாம். 6 வோல்ட்டுக்குக் கீழே என்றால் எந்தக் கேமராவிலும் மாட்டலாம். கூடுதல் என்றால், அந்த வோல்ட்டைத் தாங்கும் ரேடியோ ட்ரிக்கரோடு தள்ளி வைத்து உபயோகியுங்கள். ஃபிலிம் கால டிடிஎல் எப்படியும் வேலை செய்யாது. ஃபிலிமின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்த முறை அது, சென்சார் அப்படித் திருப்பி அனுப்பாது.

பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரில் இரண்டு ஜாதி. கையால் ஃபோகஸ் செய்த காலத்து லீனியர் வகை டிஎஸ்எல்ஆரின் மீட்டரையும் ஆட்டோஃபோகஸையும் குழப்பும், அதற்கு சர்க்குலர்தான் வேண்டும். மிரர்லெஸ்ஸில் எது போட்டாலும் ஓடும். நீலம், பழுப்பு வண்ணத் திருத்த ஃபில்டர்களுக்கு இனி வேலை இல்லை. கருப்பு-வெள்ளைக்குப் போட்ட சிவப்பு ஃபில்டரும் வேண்டாம். சென்சாரின் பிக்சல்களில் கால்வாசிதான் சிவப்பு பார்ப்பவை, மிச்சம் சும்மா கிடக்கும்.

தூசி விஷயத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஃபிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புது ஃபிலிம் வந்து நின்றது, விழுந்த தூசி அந்த ஒரு படத்தோடு போனது. சென்சார் அதே சென்சார், விழுந்த தூசி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். லென்ஸ் மாற்றும்போது பாடியைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கடற்கரை ஊர்களில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கும் பயம் ஃபிலிம் காலத்தைப் போலவே இப்போதும் உண்டு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள்.

படத்தைப் பத்திரப்படுத்துவது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஷூட்டிங் முடிந்து வந்த அன்றே கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். ஃபோல்டர் பெயரில் ஆண்டு, மாதம், தேதி, அதன்பின் ஊர் அல்லது நிகழ்ச்சி: 2025-01-14 பொங்கல் என்பது போல. ஆண்டு முன்னால் இருந்தால் எல்லாம் தானாகவே வரிசைப்பட்டு நிற்கும். பிறகு வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அதே ஃபோல்டரை நகல் எடுங்கள். இரண்டு இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்யலாம். மூன்றாவது நகல் வேறு வீட்டில் இருக்க வேண்டும்: அண்ணன் வீட்டிலோ ஆபீஸ் மேசையிலோ இன்னொரு ஹார்ட் டிஸ்க், இல்லையென்றால் மாதக் கட்டணத்துக்கு கிளவுட். திருட்டோ வெள்ளமோ வந்தால் ஒரே மேசையில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு சாவதில்லை. ஐந்தாறு வருடம் ஓடியதைப் புதிதாக மாற்றிவிடுங்கள், பழையதைக் கூடுதல் நகலாக வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று, அங்கேயே இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், பெரிய பிரிண்டுக்கு ஆகாது. அவசியம் அனுப்ப வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

24 மெகாபிக்சல் ரா ஒன்று சுமார் 25, 30 எம்பி. 32 ஜிபி கார்டில் ஆயிரம் படம் போகும் என்று தெரிந்ததும் கை ஷட்டரை விட்டு எழாது. 36க்குள் அடக்கிப் பழகிய கைதான் உங்கள் பெரிய முதலீடு, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் படம் எடுத்தவர் அதிலிருந்து நாற்பதைப் பொறுக்கி முடிப்பதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும். பொறுக்குவதைக் கேமராவின் சின்னத் திரையில் செய்யாதீர்கள். நன்றாக இருக்கும் படத்தைத்தான் முதலில் அழிப்பீர்கள்.

கழுவும் வேலையும் பிரிண்டும்

ராவைத் திறக்கப் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனனின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல் இரண்டும் இலவசம். டார்க்டேபிள், ராதெரப்பி எந்த நிறுவனக் கேமராவுக்கும் ஆகும், அவையும் இலவசம்தான். லைட்ரூம் வசதியானது, சந்தா கட்ட வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்போஷர், ஹைலைட், ஷேடோ, ஒயிட் பேலன்ஸ் என்ற நான்கு பட்டன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரிண்ட் போட ஊரில் இருக்கும் கலர் லேபுக்கே போகலாம். பல லேப்களில் இன்னமும் லேசரால் எழுதி ரசாயனத்தில் கழுவும் பழைய வகைக் காகிதம்தான். ஜேபெக்கை எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண வகையில் சேமித்துக் கொடுங்கள், வேறு வகையில் கொடுத்தால் தோல் நிறம் சோகை பிடித்த மாதிரி வரும். நீங்கள் ஏற்கனவே திருத்திவிட்டீர்கள் என்றால் ‘கரெக்‌ஷன் போடாதீங்க’ என்று வாயால் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் தன் பங்குக்கு ஒருமுறை திருத்தும். முதலில் 4க்கு 6இல் நாலைந்து போட்டுப் பார்த்து, திரையில் கண்டதற்கும் கையில் வந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொண்டு பெரிய சைஸுக்குப் போங்கள்.

பெட்டியில் இருக்கும் நெகட்டிவ்கள்

புது டிஜிட்டல் கேமராவே நல்ல ஸ்கேனரும்கூட. வண்ணம் மாறாத எல்இடி லைட் பேட் ஒன்று, நெகட்டிவைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டம் ஒன்று, மேக்ரோ லென்ஸ் ஒன்று. ஏபிஎஸ்-சி சென்சாரில் முழு நெகட்டிவையும் நிரப்ப 1:1 (அசல் அளவிலேயே பதிவது) தேவையில்லை, 0.65 மடங்கு போதும். பழைய 55 மி.மீ. மைக்ரோ நிக்கார் பாதி மடங்கு வரை தானாகவே போகும்; அதில் எடுத்தால் சென்சாரின் முக்கால் அகலத்தில் நெகட்டிவ் அடங்கும், 24 மெகாபிக்சலில் சுமார் 14 உங்களுக்குக் கிடைக்கும். 2400 டிபிஐ ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் வருவது சுமார் 8தான்.

கேமராவும் நெகட்டிவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடியை நெகட்டிவ் இடத்தில் வைத்து, லென்ஸின் பிம்பம் ஃபைண்டரின் நட்டநடுவில் விழும்படி ட்ரைபாடைச் சரிசெய்தால் இணை வந்துவிடும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர், ரா. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டையும் ப்ளோயரால் ஊதிய பிறகு வையுங்கள், துணியால் துடைக்க வேண்டாம், கீறல் விழும். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கருப்பு-வெள்ளை ஃபிலிமில் எடுத்த குடும்பப் படங்கள் இருந்தால் அவற்றில் தொடங்குங்கள். கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் தலைகீழாக்கினால் வேலை முடிந்தது. வண்ண நெகட்டிவில் ஆரஞ்சு நிறப் பூச்சு இருப்பதால் வெறுமனே தலைகீழாக்கினால் எல்லாம் நீலமாக வரும். டார்க்டேபிளில் இதற்கென்றே நெகடாக்டர் என்ற பகுதி இருக்கிறது, படம் இல்லாத ஓரத்தைக் காட்டினால் அந்த ஆரஞ்சைக் கழித்துவிடும்.

ஸ்கேன் ஆனதும் நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். மறுபடி உறையில் போட்டு, உறை மேல் ஃபோல்டரின் தேதியையே எழுதி வையுங்கள்.

ஃபிலிம் கேமராவை விற்பதா என்பது உங்கள் இஷ்டம். வைத்துக்கொள்வதென்றால் உள்ளே ரோல் இருக்கிறதா என்று ரீவைண்ட் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திறங்கள். இறுக்கம் தெரிந்தால் ரோல் இருக்கிறது, சுற்றி எடுத்துக் கழுவக் கொடுங்கள். பட்டன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் மீட்டர் அரித்துப்போகும். ஷட்டரை ஏற்றிய நிலையில் வைக்காமல் ஒருமுறை அழுத்தி இறக்கி வையுங்கள். மாதத்துக்கு ஒருதரம் எடுத்து (பேட்டரி இல்லாமல் ஷட்டர் ஓடாத கேமரா என்றால் அதைத் திரும்பப் போட்டு) எல்லா வேகத்திலும் சும்மா தட்டிப் பாருங்கள், எண்ணெய் இறுகாது.